ஒன்றரை அங்குலம்

மூன்றாவது முறையாக அளந்தபோதும் வண்டியின் இடது பின்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்துதான் இருந்தது.

காஸ்பர் அடிக்கோலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை வலது பக்கம் இருபத்தாறு அங்குலம். இடது பக்கம் இருபத்து நாலரை. துறைமுக ஆபீசில் பதினெட்டு வருஷமாக வரைபடம் போடுகிறவர் அவர். அரைக்கால் அங்குலம் பிசகினாலே சோறு இறங்காத மனிதருக்கு ஒன்றரை அங்குலம் என்றால் சும்மாவா?

தரை சரிவாக இருக்கலாம் என்று வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாயிற்று. அப்போதும் தாழ்ந்தது அதே இடது பக்கம்தான். சக்கரங்களை மாற்றிப் போட்டாயிற்று. காற்றுச் சரிபார்த்தாயிற்று. பின்பாரத்தைத் தாங்குகிற எஃகுப் பட்டைகள் இரண்டையும் போன வாரம் கழற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றிப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய், அப்துல் கய்யூம் பாயிடம் கொடுத்துக் காய்ச்சி வளைத்து வாங்கி வந்ததும் ஆயிற்று. பாய் இரண்டையும் தரையில் ஒன்றின் வளைவோடு ஒன்றாகப் பொருத்தி வைத்துக் காட்டினார். நடுவில் ஒரு நூல்கூட நுழையவில்லை. "ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க சார், இனிமே வண்டி சாஞ்சா எங்கிட்ட வராதீங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார்.

ஷெட்டின் ஓட்டுக் கூரைமேல் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மணி இரண்டுதான் ஆகியிருந்தது, ஆனாலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரிந்தது. யுத்த காலத்தில் வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்று பல்பில் பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியும் அதைச் சுரண்ட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அதனால் வெளிச்சம் வட்டமாகத் தரையில் மட்டும் விழுந்தது. அதற்கு மேலே வண்டி பாதி இருட்டில் நின்றது.

அது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். முப்பத்தெட்டில் சீமைக்குத் திரும்பிய ஓர் இங்கிலீஷ் இன்ஜினியர் விட்டுப்போனது. முன்னால் இரண்டே சீட். பின்னால் மூடியைத் திறந்து சாய்த்தால் அதுவே சாய்மானமாகி, இன்னும் ஓர் ஆள் ஒண்டிக்கொண்டு உட்கார டிக்கி சீட் கிடைக்கும். இடது மட்கார்டில் பதித்த இரண்டு இரும்புப் படிகளில் கால் வைத்துத்தான் அதில் ஏற வேண்டும். மந்தைவெளியில் அப்படியொரு வண்டி வேறு யாரிடமும் கிடையாது. ஞாயிறு பூசைக்கு அதில் போய் இறங்குவதில் காஸ்பருக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாளைக்கு அதே வண்டியில் செங்கல்பட்டு போக வேண்டும். மனைவி ஐரினின் தங்கை கிளாடிஸ் அங்கே இருக்கிறாள். அவள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். முன்னால் அவரும் ஐரினும், டிக்கியில் ஒன்பது வயது மகள் நோரா. வண்டி இப்படி ஒரு பக்கம் படுத்திருந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசும். உரசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதே செங்கல்பட்டுச் சாலையில் ஒருமுறை உரசியிருக்கிறது.

அதை நினைக்க வேண்டாம் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

பட்டை வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் வண்டியை அளந்து போல்ட்டுகளை முடுக்கினால் அது பொய் அளவு. ஆள் உட்கார்ந்து பாரம் ஏறிய பிறகுதான் பட்டை தன் நிஜமான வளைவுக்கு வரும். அந்த நிலையில்தான் முடுக்க வேண்டும். அந்த இங்கிலீஷ்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. முன்பெல்லாம் காஸ்பர் அதற்காக டிக்கியில் ஆயாவை உட்கார வைப்பார்.

தேவானை. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்து, நோராவைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள். "இன்னா ஐயா, என்னப் படிக்கல்லு ஆக்கிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே படியேறுவாள். வலது பக்கம் நகரச் சொன்னால் நகரமாட்டாள். இடது ஓரம்தான் இறங்கச் சுளுவு என்பாள். காஸ்பர் அடியில் படுத்துக்கொண்டு, "ஆடாம உட்காரு" என்பார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மூச்சு விட்டால் அளவு மாறிவிடும் என்று நினைத்து. நாலு வருஷம் அந்தப் பட்டைகள் அவள் எடைக்குத்தான் முடுக்கப்பட்டன.

இப்போது அவள் இடத்துக்கு இரண்டு மணல் மூட்டைகள் கொண்டுவந்து வைத்திருந்தார். மூட்டைகள் இன்னும் சுவரோரமாகத்தான் இருந்தன. வண்டியில் யாரும் இல்லை. டிக்கியின் மூடி சாத்தியிருந்தது.

"சார் கீறீங்களா?"

காஸ்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பானர் கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. ஷெட் வாசலில், தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து சின்னப்பையன் நின்றிருந்தான். தேவானையின் மகன். கார்ப்பரேஷன் குப்பை லாரியில் வேலை. பெயர்தான் சின்னப்பையன், வயது முப்பதைத் தொட்டுவிட்டது.

"உள்ள வா. ஏன் நனையறே?"

அவன் வரவில்லை. வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்கி உங்க ஜனத்துல செத்துப் போனவங்களுக்கு மெழுவத்தி ஏத்துற நாளாமே சார். பாஞ்சாலி சொல்லிச்சு. இன்னிக்காச்சும் சார் மனசு வெச்சி ரோசன பண்ணிச் சொல்வாருன்னு வந்தேன்."

பாஞ்சாலி அவன் மனைவி. வருஷத்துக்கு இரண்டு முறையாவது அவன் இந்தக் கேள்வியோடு வருவது வழக்கம். காஸ்பர் அடியிலிருந்து வெளியே வந்து, துணியை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அமாவாசைக்கு அமாவாச ஐயரு கேக்கறாரு. உங்காத்தா செத்துச்சா, உசுரோட கீதா, அத்த சொல்லுன்றாரு. நா இன்னான்னு சொல்ல? நாலு வருசமா பாஞ்சாலி ராவுல ஒரு தட்டுல சோறு போட்டு மூடி வெச்சிகினு கீது. பொணம் இல்லாங்காட்டியும் பரவாயில்ல, கடைசியா கால் வெச்ச எடத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்துகினு வா, அத்த வெச்சி செஞ்சிரலாம்னு ஐயரு சொல்றாரு. அந்த எடம் மட்டும் கரீட்டா சொல்லு சார். போதும்."

"அதான் அப்பவே சொன்னேனே" என்றார் காஸ்பர். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "சைதாப்பேட்டைப் பாலம். நான் இறக்கிவிடலே, அவளா இறங்கிட்டா. பையனை விட்டுட்டு வரமாட்டேன், நான் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நடந்து போய்ட்டா."

அவர் சொல்லி முடிக்கும்போது வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய மாதிரி ஷாக் அப்சார்பர் அது. இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே தட்டுகளை வைத்து ஒரு பெரிய நட்டால் இறுக்கியிருக்கும். பாரம் ஏறும்போது தட்டும் தட்டும் உராய்ந்து மெதுவாக முனகும். அந்த முனகல்தான் அது.

"பாலத்தாண்ட எல்லாம் கேட்டுட்டேன் சார். வண்ணாருங்க, வாழமண்டிக்காரங்க, ஒர்த்தர் வுடல. யாரும் பாக்கல." சின்னப்பையன் முகத்தைக் கோணி நுனியால் துடைத்துக்கொண்டான். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை. "எனக்காவத்தான் எறங்கிக்கீது. நானும் கூட வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருக்காது. எல்லாம் என் தப்பு சார்."

அந்த இடத்தில் காஸ்பர் வாயைத் திறந்தார். இல்லையப்பா, உன் தப்பு இல்லை என்று சொல்லத்தான் திறந்தார். நாக்கு எழும்பவில்லை. நாலரை வருஷமாக ஒரு பொய்யை இவன் முதுகில் ஏற்றிவிட்டு, இவன் அதைச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே என்று நெஞ்சு அறுந்தது.

சின்னப்பையன் எழுந்தான். போகத் திரும்பியவன் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"இன்னா சார், டிக்கில யார குந்த வெச்சிகினு கீறீங்க? இப்டி சாஞ்சிகினு கீது?"

விளையாட்டாகத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் கோணியை இழுத்து விட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். காஸ்பர் கேட் சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றிருந்தார். பிறகு அடிக்கோலை எடுத்து அளந்தார்.

இருபத்து மூன்றேமுக்கால். முக்கால் அங்குலம் இன்னும் இறங்கியிருந்தது.

ஈரக் காற்றில் இரும்பு சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். இன்ஜினியர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்பது அவருக்கே தெரியும். ஜாக்கியை வைத்து இடது பக்கத்தைத் தூக்கினார். இருபத்தாறுக்கு வந்ததும் அப்சார்பரின் நட்டை இரண்டு கையாலும் தொங்கி முடுக்கினார். இப்படி விறைத்துவிட்டால் பட்டை தளர்ந்திருந்தாலும் வண்டி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். திருட்டு வேலைதான். ஜாக்கியை இறக்கினார். நின்றது.

மணல் மூட்டைகளை ஏற்றுவதற்காக மூடியைத் திறந்தார்.

முதலில் வாடைதான் வந்தது. தீய்ந்த ரப்பர். வண்டி சாலைக்குப் போயே பத்து நாளாகிறது, டயர் எப்படித் தீயும்? மூடியைப் பிடித்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். தோல் சீட்டின் வலது பாதி உப்பலாக இருந்தது. இடது பாதி குழிந்திருந்தது. பழைய சீட், பஞ்சு அமுங்கியிருக்கும். உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

கையை இழுத்துக்கொண்டு, வேட்டியில் தேய்த்தார். பிறகு பிடிவாதமாக ஒரு மணல் மூட்டையைத் தூக்கி இடது பக்கம் வைத்தார். மூட்டை நிற்கவில்லை. சரிந்து வலது பக்கம் உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. குழிந்த இடத்தில் வைக்கிற மூட்டை குழிக்குள் உட்கார வேண்டுமே தவிர, ஏன் வெளியே உருள வேண்டும்? மூன்றாவது முறை வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மூடியைச் சாத்தினார். பின்னால் தட்டுகள் மெல்ல முனக ஆரம்பித்தன. முடுக்கிய நட்டு முடுக்கியபடி இருக்க, வண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டு ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வாரம். முன்சீட்டில் அவரும் ஐரினும். டிக்கியில் தேவானை, அவள் மடியில் ஐந்து வயது நோரா, காலடியில் ஐரினின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் வைத்த மரப்பெட்டி. விளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டு, மாட்டு வண்டிகளுக்கும் கால்நடையாகப் போகிற கூட்டத்துக்கும் நடுவே ஊர்ந்து போனார்கள். வண்டலூர் தாண்டியதும் இடது டயர் உரச ஆரம்பித்தது. பட்டை ஒன்று விட்டுப்போயிருந்தது. ரப்பர் தீய்ந்து புகை வந்தது. ஒரு பாரத்தைக் குறைத்தால்தான் வண்டி போகும்.

"பொட்டிய இப்டி மரத்தாண்ட வெச்சிட்டுப் போய்ரலாமா ஐயா?" என்று கேட்டது தேவானைதான். "கொயந்தய நா மடியில வெச்சிகினே வரேன்."

பெட்டியில் உடைகிற சாமான் இருக்கிறது என்றார் காஸ்பர். தூங்கிக்கொண்டிருந்த நோராவை அவள் மடியிலிருந்து எடுத்து ஐரினிடம் கொடுத்தார். "நீ இங்கேயே நில்லு. இவங்களை விட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்."

தேவானை இறங்கி நின்றுகொண்டாள்.

கிளாடிஸ் வீட்டில் வெந்நீர் வைத்திருந்தார்கள். குளித்தார். சகலை ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். பட்டையைக் கயிறு போட்டுக் கட்டினால் போய் வந்துவிடலாம். பெட்ரோலும் இருந்தது. கொஞ்சம் கண் அசந்துவிட்டுப் போகலாம் என்று சாய்ந்தார். விடிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. அன்றைக்கு ஐரினிடம், அவள் பஸ் பிடித்துப் பட்டணத்துக்கே திரும்பிவிட்டாள், சொல்லியனுப்பினாள் என்றார். பட்டணத்துக்கு வந்து சின்னப்பையனிடம் சைதாப்பேட்டைப் பாலம் என்றார். அந்தப் பெட்டியிலிருந்த தட்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை. விருந்தாளி வந்தால் இன்றைக்கும் அதில்தான் சாப்பாடு.

"இன்னுமா முடியலே?"

ஐரின் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு, குடையோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் மெழுகுவத்திக் கட்டு, இன்னொரு கையில் ஒரு காகிதம். கூடவே நோரா, கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தாள். மணி ஐந்தாகிவிட்டிருந்தது.

"கல்லறைத் தோட்டத்துல சாமியார் மந்திரிக்க வர்ற நேரம் ஆச்சு. நீங்க வரலேன்னா நான் ரிக்‌ஷாவுல போய்ட்டு வந்துடறேன். இவளுக்கு இருமல், மழையில வேண்டாம். வீட்டுல படுத்துக்கட்டும். இந்தப் பேரையெல்லாம் ஒருதரம் பாருங்க, சாமியார்கிட்ட வாசிக்கக் கொடுக்கணும். நம்ம வீட்டுல செத்தவங்க யாராவது விட்டுப்போச்சா?"

காஸ்பர் காகிதத்தை வாங்கினார். பதினோரு பெயர்கள். அவருடைய அப்பா, அம்மா, ஐரினின் அண்ணன் பவுல்சாமி, பிறந்து மூன்றாம் நாள் போன அவர்களுடைய முதல் குழந்தை.

"ஆயா பேரு எழுதலாமா டாடி?" என்றாள் நோரா.

"சீ, அவ எங்கேயோ நல்லாயிருப்பா. உயிரோட இருக்கறவங்க பேரை இதுல எழுதக்கூடாது, பாவம்" என்றாள் ஐரின். "இல்லீங்க?"

காஸ்பரின் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. எடுத்து மூன்று எழுத்து எழுத வேண்டியதுதான். எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

"ஆமா. யாரும் விட்டுப்போகலே" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பின்னால் தட்டுகள் முனகின. இந்த முறை நீளமாக. ஐரினுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நோரா மட்டும் தலையைத் திருப்பி டிக்கியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னால் போய்விட்டாள்.

ரிக்‌ஷா போனது. நோரா உள்ளே போய் ஹாலில் பெஞ்சுமேல் படுத்தது ஷெட்டிலிருந்தே தெரிந்தது. காஸ்பர் அளக்கவில்லை. அளக்கத் தேவையில்லை. இடது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகாது.

என்ன ஆனாலும் சரி, பட்டையைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். அச்சுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். கோணியை விரித்துப் போட்டு மல்லாந்து படுத்து, தலையை இடது பட்டைக்கு நேர் கீழே கொண்டுபோனார். ஏழு தகடுகள், ஒன்றின்மேல் ஒன்று. பாய் அடித்த வளைவு எதிலும் இல்லை. ஏழும் நேர்கோடாக நீண்டு கிடந்தன. வெறும் வண்டியில் இது நடக்காது. ஆள் உட்கார்ந்தால்தான் நடக்கும். ஓர் ஆள் போதாது.

மழை நின்றது.

ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ரப்பர் வாடை தொண்டையில் கசந்தது. மேலே, மரப்பலகைக்கும் தோல் சீட்டுக்கும் அப்பால், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்தால் பயந்திருக்கமாட்டார். சத்தமே வராமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மரக்கட்டை ஒன்று நெரிந்தது.

நகர வேண்டும். கால் வரவில்லை. பட்டையின் கீழ்த் தகடு மூக்குக்கு நாலு அங்குலத்தில் இருந்தது. பிறகு மூன்று.

"தேவானை."

அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நாலரை வருஷம் ஆகிறது.

"நான் வந்திருக்கணும். வரலே. தூங்கிட்டேன். பெட்டியை இறக்கியிருக்கணும். உன்னை இறக்கிட்டேன்."

இரண்டரை.

"உன் பையன்கிட்டச் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா. நாளைக்குச் செங்கல்பட்டு போய்ட்டு வந்ததும் நேரா அவன் வீட்டுக்குப் போய்..."

தகடு நின்றது.

ஒரு கணம். இரண்டு. பிறகு பட்டை வளைய ஆரம்பித்தது. மேல்நோக்கி. தகடுகள் ஒன்றோடொன்று வழுக்கி, கிறீச்சிட்டு, வரிசையாகத் தங்கள் வளைவுக்குத் திரும்பின. மட்கார்டின் மேல்படியில் ஏதோ அழுந்தியது. பிறகு கீழ்ப்படியில். பிறகு வண்டி குபுக்கென்று ஒரு துள்ளல் துள்ளி அடங்கியது. யாரோ இறங்கிவிட்டார்கள்.

காஸ்பர் புரண்டு வெளியே வந்தார். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அடிக்கோலை எடுத்தார். வலது பக்கம் இருபத்தாறு. இடது பக்கம் இருபத்தாறு.

"ஆண்டவரே" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மன்னித்துவிட்டாள். நல்ல மனுஷி, எப்போதும் நல்ல மனுஷி. நாளைக்குப் போய்விட்டு வந்து சொல்லிவிடலாம். சாயந்திரம் முடியாவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும். எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஆணிகளில் மாட்ட ஆரம்பித்தார். மனசு இத்தனை லேசாக இருந்து எவ்வளவு காலமாயிற்று!

வீட்டுக்குள்ளிருந்து நோராவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கமான குரல்.

"இப்பவே போறோமா?"

ஐரின் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். இன்னொரு ஸ்பானரை மாட்டினார். ரிக்‌ஷா மணி கேட்கவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது. ஷெட் வாசல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

முதுகுக்குப் பின்னால் படி அழுந்தியது. கீழ்ப்படி. மேல்படி.

திரும்பினார்.

முதலில் கண் போனது மட்கார்டுக்குத்தான். பழக்கம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. நூல் பிசகவில்லை. பிறகு மேலே பார்த்தார்.

டிக்கியின் மூடி திறந்திருந்தது. இடது ஓரத்தில் நோரா உட்கார்ந்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, சாய்மானத்தைத் தொடாமல், காற்றில் நின்றது. அவளுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த இடைவெளி. ஒரு மடியின் உயரம். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"நோரா."

குழந்தை கண் திறக்கவில்லை.

ஓரடி வைத்தார். நோராவின் கவுன் இடுப்பைச் சுற்றி உள்ளே அமுங்கியது. இன்னோர் அடி. கவுன் இன்னும் இறுகியது. குழந்தையின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. காஸ்பர் நின்றார். ஓரடி பின்னால் வைத்தார். இறுக்கம் தளரவில்லை.

இப்போதே போய்ச் சின்னப்பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம். ஓடினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அதை நம்புகிற ஆள் அங்கே இல்லை என்பது புரிந்தது. போனால் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

கறுப்படித்த பல்பின் வட்டம் தரையில் கிடந்தது. அதற்கு மேலே, பாதி இருட்டில், குழந்தையின் தலையை எதுவோ மெதுவாகக் கோதியது. முடி ஒதுங்கி ஒதுங்கி விழுந்தது. பிறகு நோரா ஆட ஆரம்பித்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தூளியில் போட்ட குழந்தையை ஆட்டுகிற நிதானத்தில்.

சீட் அசையவில்லை. பட்டை அசையவில்லை. நோரா மட்டும் ஆடிக்கொண்டிருந்தாள்.